எட்டாவது நொடி: சில வருஷம் நின்னுபோன நம்ம கால்பந்து லீக் திரும்பி வந்த சீசன்ல உங்க மனசை விட்டுப் போகாத காட்சி எது?

கார்னர் கொடி, வியாசர்பாடி

ரெண்டாவது ரவுண்டு, 88ஆவது நிமிஷம், 1-1. உயரமா ஒரு கிராஸ். கீப்பர் கூட்டத்துக்கு மேல ஏறி ரெண்டு கையாலயும் பிடிச்சார். அந்த சீசன்லயே நல்ல பிடி அதுதான். பிடிச்சுட்டு பாலைத் தரையில ரெண்டு தடவை தட்டினார், "ஏறு, ஏறு"ன்னு பேக்குகளை, அதாவது தடுப்பு ஆட்டக்காரங்களை, தள்ளிவிட்டார், கோச் என்ன சொல்றார்னு டச் லைனை (பக்கக் கோட்டை) பார்த்தார். அதுக்குள்ள ரெஃப்ரி கை மேல போயிருச்சு, அஞ்சு விரலும் விரிஞ்சிருக்கு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு. விசில்! இன்டைரக்ட் ஃப்ரீ கிக்னு (இன்னொருத்தர் தொடாம நேரா கோல் ஆகாத கிக்) நினைச்சு பேக்குங்க எல்லாம் வரிசையா நின்னு சுவர் கட்ட ஓடுறாங்க. ரெஃப்ரி காட்டினதோ கார்னர் கொடியை. அந்தக் கார்னர்லயே தலையால கோல்.

கீப்பர் முட்டி போட்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. அவருக்குப் பழகினது, கீப்பர் பாலைக் கையில ஆறு நொடிதான் வெச்சிருக்கலாம்ங்கிற பழைய ரூல். அதை யாரும் எண்ணினதும் இல்ல, எண்ணினாலும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான். 2025-26 சீசன்ல இருந்து எட்டு நொடி, தண்டனை கார்னர். கடைசி அஞ்சு நொடியை ரெஃப்ரி கையைத் தூக்கிக் காட்டணும். கீப்பர் எந்தப் பக்கம் நின்னாரோ அதுக்குப் பக்கத்துக் கார்னர்ல இருந்து கிக். தரையில தட்டுறது, மேல தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது, விரிச்ச உள்ளங்கையில வெச்சிருக்கிறது எல்லாமே 'கையில இருக்கு'ங்கிற கணக்குதான். தட்டினா நேரம் நிக்கும்னு நிறைய கீப்பர்கள் நம்பிட்டிருக்காங்க. நிக்காது.


விசில், பெரம்பூர்

தம்பி, ரெஃப்ரி எண்ணியது சரி. கீப்பரையும் குறை சொல்ல மாட்டேன். லீக் நின்றிருந்த வருடங்களில் சட்டம் நிற்கவில்லை. திரும்பத் தொடங்கும்போது மைதானத்துக்குச் சுண்ணாம்பு வாங்கினார்கள், கோப்பைக்குப் பாலிஷ் போட்டார்கள். கேப்டன்களையும் கீப்பர்களையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் புது சட்டம் சொல்லவில்லை. தப்பு அங்கே.

எனக்கு உறுத்துவது டிராப் பால், அதாவது நின்ற ஆட்டத்தைத் தொடங்க ரெஃப்ரி கீழே போடும் பால். நடு மைதானத்தில் ஒரு பையனுக்கு அடி, ஆட்டம் நின்றது. ஆட்டத்தைத் தொடங்க ரெஃப்ரி பாலைக் கையில் எடுத்ததும் பழைய வழக்கப்படி இரண்டு டீமிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வந்து காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ரெஃப்ரி ஒருவரை 4 மீட்டர் தள்ளிப் போகச் சொன்னார். அவர் தன்னை அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போய் மஞ்சள் அட்டை வாங்கினார். 2019இலிருந்தே டிராப் பாலில் போட்டி கிடையாது. பெனால்டி ஏரியாவுக்குள் நின்ற ஆட்டமென்றால் கீப்பருக்குத்தான் போடுவார்கள். வெளியே என்றால் எந்த டீமிடம் பால் இருந்ததோ, அல்லது போயிருக்குமோ, அந்த டீமில் ஒருவருக்கு. அது தெளிவாக இல்லாவிட்டால் கடைசியாகத் தொட்ட டீமுக்கு. மற்ற எல்லோரும் 4 மீட்டர் தள்ளி.

2019க்கு முன் ஆடிவிட்டு இப்போது திரும்பி வருகிறவர்கள் இன்னும் சிலவற்றை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்ட வேண்டியதில்லை. உதைத்து அசைந்தாலே ஆட்டத்தில் இருக்கிறது, பேக் உள்ளேயே வாங்கலாம். 'ரீடேக், ரீடேக்' என்று கத்திக்கொண்டு நிற்கும் ஃபார்வர்டு அந்த நேரத்தில் ஓடிப் பறித்திருக்கலாம். மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சுவர் கட்டினால் எதிர் டீம் ஆள் அதிலிருந்து 1 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், இடையில் நுழையக் கூடாது. மாற்றப்படும் ஆட்டக்காரர் நடுக்கோட்டுக்கு நடந்து வர வேண்டாம், பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதைத் தாண்டி வெளியேற வேண்டும். டாஸ் ஜெயித்தவர் கோல் பக்கத்தையும் கேட்கலாம், கிக்-ஆஃபையும் கேட்கலாம். பெஞ்சில் இருக்கும் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு உண்டு. கேப்டனுக்குக் கையில் பட்டை கட்டாயம். இதை ஒரு தாளில் எழுதி டிரெஸ்ஸிங் ரூம் கதவில் ஒட்டியிருந்தால் போதும், அந்த மஞ்சள் அட்டை விழுந்திருக்காது.


காசிமேட்டு வலை

ரூல் பேசுறவங்க கோல் போஸ்ட்டுப் பின்னால போய் நின்னு பாருங்க.

முதல் பாதி, இடது கால் ஷாட், தரையோட வந்தது. போஸ்ட்டுக்கு உள்ளயா வெளியவான்னு ஒருத்தருக்கும் தெரியல. பால் வலைக்கு அந்தப் பக்கம் கிடக்குது. இந்தப் பக்கம் கோல்னு குதிக்கிறாங்க, அந்தப் பக்கம் கோல் கிக்னு கை காட்டுறாங்க. லைன்ஸ்மேன் ஓடி வந்து வலையைத் தூக்கிப் பார்த்தா போஸ்ட் ஓரமா தரைகிட்ட ஒரு கிழிசல். கோல் கொடுத்தார். அது சரியான முடிவான்னு அந்த ரெண்டு டீமும் சாகுற வரைக்கும் பேசும்.

பால் சுற்றளவு 68லிருந்து 70 சென்டிமீட்டர். அப்போ குறுக்களவு சுமார் 22. வலைக் கண்ணி 10, 12 சென்டிமீட்டர் இருக்கிறப்ப பால் போகாது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இழை அறுந்தாலே போயிடும். பல வருஷம் மூட்டை கட்டி வெயில்ல போட்ட நைலான் கையில இழுத்தா நூலா உதிரும். அதைத் தைக்கிறது வீண், புதுசு வாங்குங்க. இழை இன்னும் வலுவா இருந்தா மட்டும் ஒட்டுப் போடலாம். அறுந்த இடத்தைச் சுத்தி நல்ல கண்ணி வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே தடிமன் நூல்ல, அதே கண்ணி அளவுல பின்னணும். மீன் வலைத் துண்டை அப்படியே வெச்சுக் கட்டாதீங்க. கண்ணி சின்னது, கடல் காத்துல பாய் மாதிரி உப்பி, பழைய இழையை இழுத்து இன்னும் கிழிக்கும்.

அதை விட முக்கியம் கீழ்ப்பக்கம். வலையோட அடிக்கயிறு தரையோட ஒட்டி, அரை மீட்டருக்கு ஒரு கொக்கி ஆணி. நாலு மூலையில மட்டும் அடிச்சுட்டு விட்டா பால் அடியில நுழைஞ்சு வெளிய வந்துடும். தூக்கிட்டுப் போற இரும்பு கோல் போஸ்ட்டா இருந்தா பின்சட்டத்துல மணல் மூட்டை போட்டு, கட்டி, அசைச்சுப் பார்க்காம ஒரு குழந்தையைக்கூடப் பக்கத்துல விடாதீங்க. கிராஸ்பார்ல தொங்கினா மேல சாயும், உயிர் போகும்.


வெள்ளைக்கோடு, தண்டையார்பேட்டை

விசில் சார் 'சுண்ணாம்பு வாங்கினார்கள்'னு ஒரு வரியில முடிச்சுட்டார். அந்தச் சுண்ணாம்புதான் பிரச்சினையே. நீத்துன சுண்ணாம்பு காரம். வேர்த்த தோல்ல பட்டா எரிக்கும், கண்ணுல போனா பார்வைக்கே ஆபத்து. ஸ்லைடிங் டேக்கிள்ல கோட்டு மேல சறுக்கின ஒரு பையன் தொடை முழுக்கச் சிவந்து வெளிய போனான். சாக் பவுடர் போடுங்க, இல்லன்னா கோலத்துக்கு விக்கிற வெள்ளைக் கல்லு மாவு. கண்ணுல சுண்ணாம்பு போயிட்டா தேய்க்கக் கூடாது. உடனே ஓடுற தண்ணியில 20 நிமிஷத்துக்குக் குறையாம கழுவி, ஆஸ்பத்திரி.

மறக்காத காட்சி இதுதான்: பெனால்டி. கிக் அடிக்கிறவர் வராரு, பின்னால ரெண்டு டீமும் 'டி' கோட்டு மேல நிக்குது, பாக்ஸுக்கு (பெனால்டி ஏரியாவுக்கு) வெளிய துருத்துற வளைவுல. ஆனா அந்த 'டி'யே தப்பு. பெனால்டி புள்ளியில கயிறை நடாம, பாக்ஸ் கோட்டு நடுவுல நட்டு அரைவட்டம் இழுத்துட்டாங்க. நிக்கிறவங்க எல்லாம் வேணாத தூரத்துல. கோல் கீப்பர் தட்டின ரீபவுண்டுக்கு ஒருத்தராலயும் ஓடி வர முடியல.

'டி'யோட மையம் பெனால்டி புள்ளி. கோல் கோட்டுல இருந்து 11 மீட்டர். கயிறு நீளம் 9.15. பாக்ஸ் கோடு 16.5ல இருக்கு, அதனால வெளிய துருத்துறது 3.65 மீட்டர்தான், முனைக்கு முனை 14.6. இந்த ரெண்டு எண்ணையும் டேப் வெச்சுச் சரி பாருங்க. வெளிய 9 மீட்டர் வந்துச்சுன்னா கயிறை தப்பான இடத்துல நட்டிருக்கீங்க.

வழி சொல்றேன், கேட்கலன்னாலும். முதல்ல ஒரு டச் லைன். அதோட மூலையில இருந்து கோட்டு மேல 8 மீட்டர்ல ஒரு முளை. குறுக்கே 6 மீட்டர் கயிறு, முளைக்கும் அந்தக் கயிறு முனைக்கும் நடுவுல சரியா 10 வரணும், அப்பதான் மூலை நேரா இருக்கு. நாலு மூலையும் ஆனதும் மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க. நம்ம பக்கத்து மைதானத்துல 90க்கு 50 கிடைச்சாலே பெருசு, அதுக்கு மூலைவிட்டம் 102.96. ரெண்டும் ஒண்ணா வரலன்னா மைதானம் கோணல், மேல போகாதீங்க. பாக்ஸ் அகலம் கோலுக்கு ரெண்டு பக்கமும் 16.5 சேர்த்து 40.32. அதனால 50 மீட்டர் மைதானத்துல பாக்ஸுக்கும் டச் லைனுக்கும் 4.84 மீட்டர்தான் மிச்சம். கண்ணுக்கு பாக்ஸ் பெருசாத் தெரியுதேன்னு சுருக்கிடாதீங்க, அளவு மாறாது. எல்லாக் கோடும் சேர்த்தா 630 மீட்டர் சுமாருக்கு வரும். 10 சென்டிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம் போட்டா 63 லிட்டர் பொடி. அகலம் 12ஐத் தாண்டக் கூடாது, ரெண்டு போஸ்ட்டும் எவ்வளவு கனமோ கோல் கோடும் அவ்வளவுதான். கார்த்திகை மழைக்கு ஒரு ஆட்டத்துக்கே ரெண்டு தடவை போட வேண்டி வரும், இன்னொரு பங்கு தார்ப்பாய்க்கு அடியில இருக்கட்டும்.

தேங்கின தண்ணியில எம்-சாண்ட் கொட்டாதீங்க. அது உடைச்ச கல்லு, முனை கூர்மை, விழுந்தா முட்டி உரிஞ்சிடும். முதல்ல மக்கு வெச்சு மொண்டு, ஸ்பாஞ்சுல உறிஞ்சி எடுங்க. அடியில களிமண் இறுகியிருந்தா கடப்பாரையால அங்கங்க ஆழமாக் குத்தினா இறங்கும். அப்புறம்தான் மெல்லிசா ஆத்து மணல், குழியை மிதிச்சு மூடிட்டு. நின்ன தண்ணி மேல மணலைக் கொட்டினா சேறுதான் ஆகும்.


ஐஸ் பெட்டி, ராயபுரம்

கோடு, வலை எல்லாம் சரிங்க. தலை?

கார்னர்ல ரெண்டு தலை மோதி, ஒரு சென்டர் பேக் கீழே விழுந்தார். ரெண்டு செகண்ட் கண் திறக்கல. அப்புறம் எழுந்து நின்னார், ஸ்ப்ரே அடிச்சாங்க, தண்ணி ஊத்தினாங்க, கை தட்டினாங்க. ஆட்டத்துக்குள்ள போய் தன்னோட கோல் எந்தப் பக்கம்னு பக்கத்து ஆள்கிட்ட கேட்டார். கோச் அப்பவும் "அவன் சிங்கம், விளையாடுவான்"னு சொன்னார்.

மயங்கினவர், குழம்பிப் பேசுறவர், நடையில தள்ளாடுறவர், அடிபட்டது நினைவில்லாதவர், இதுல ஒண்ணு இருந்தாலே ஆட்டம் முடிஞ்சது, அன்னைக்குத் திரும்ப உள்ள விடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப் போறது, கழுத்து வலி வந்தா கழுத்தை அசைக்காம 108 கூப்பிடுங்க. நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு. தனியா வீட்டுக்கு அனுப்பாதீங்க, ராத்திரி கூட ஒருத்தர் இருக்கணும். போட்டி விதியில 'தலைக் காயத்துக்குக் கூடுதல் மாற்று'ன்னு முன்கூட்டியே எழுதி வெச்சுக்கலாம், சட்டத்துல 2024-25ல இருந்து இடம் இருக்கு. ஒரு டீம் எடுத்தா எதிர் டீமுக்கும் ஒரு மாற்று கூடும். அஞ்சு மாற்றும் தீர்ந்துருச்சேன்னு ஒரு பையனைத் தள்ளாட வைக்கிற நிலைமை அப்ப வராது.

பாலும் அடி விஷயம்தான். 0.6லிருந்து 1.1 வளிமண்டல அழுத்தம், பம்ப் கேஜ்ல 8.5லிருந்து 15.6 பிஎஸ்ஐ. காலையில 0.8 வெச்சு, வெயில்ல கிடக்க விட்டா மதியத்துக்கு 0.9க்கு மேல ஏறிடும். அதனால ஆட்டத்துக்கு முன்னாடி நிழல்ல வெச்சுத்தான் அளக்கணும். ஊசியை நனைச்சுட்டுச் சொருகுங்க, வறண்ட ஊசி வால்வைக் கிழிக்கும்.


புளியந்தோப்பு ரைட் அவுட்

வெள்ளைக்கோடு அண்ணே, உங்க 102.96ஐ எழுதி வெச்சுக்கிட்டேன்.

எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை. ஒரு டீம்ல பாதிப் பேரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. மைதானத்துல கரெக்டா ஏழு பேரு. ஏழுக்குக் குறைஞ்சா ஆட்டம் தொடங்க முடியாது, ஏழு இருந்தா முடியும். தொடங்கினாங்க. 11ஆவது நிமிஷம், தெருமுனையில இருந்து அஞ்சு பையனுங்க ஷூ லேஸ் பறக்க ஓடி வராங்க. நாலு பேர் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு. ரெஃப்ரி ஷின் கார்டு, ஷூவெல்லாம் பார்த்துட்டு, ஆட்டம் நின்னதும் உள்ள விட்டார். அஞ்சாவது பையன் பேரை எழுத மறந்துட்டாங்க. மாற்று ஆளாக்கூட விட முடியாது, கிக்-ஆஃபுக்கு முன்னாடி பேர் தராதவங்களுக்கு அந்த ஆட்டமே கிடையாது. அவன் அந்த அஞ்சு பேர்லயே வேகமானவன். கயிறுக்கு வெளிய 80 நிமிஷம் ஜெர்சியோட நின்னான், பால் வெளிய வந்தா எடுத்துக் கொடுத்துக்கிட்டு.

வரலன்னாலும் பேரை எழுதுங்க. லாரியில மாட்டினவன், பரீட்சை எழுதிட்டு வரவன், ஷிஃப்ட் முடிச்சுட்டு வரவன், எல்லார் பேரும். பதினொண்ணு முதல்ல, மாற்று கீழ, ஜெர்சி நம்பர் ஜெர்சியைப் பார்த்து. ரெஃப்ரிகிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி கேப்டன் சத்தமா ஒரு தடவை படிக்கணும்.


கார்னர் கொடி, வியாசர்பாடி

விசில் அண்ணே, தாளை ஒட்டினா போதும்னு சொன்னீங்க. போதாது. அந்தக் கீப்பர் டீம்ல ஒட்டித்தான் இருந்துச்சு. தாள்ல 'எட்டு நொடி'ன்னு இருந்தது, கை சைகையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இப்ப பிராக்டிஸ்ல ஒரு பையன் ரெஃப்ரி இடத்துல நின்னு விரலை மடக்குறான். கீப்பர் பிடிச்ச உடனே சென்டர் பேக் அந்தக் கையைக் கவனிச்சு, அது மேல போனதும் "அஞ்சு"ன்னு ஒரே ஒரு தடவை கத்தணும், கீப்பர் அப்பவே உருட்டிவிடணும். நேத்து இருபது தடவை பண்ணினதுல மூணு தடவை லேட். மூணும் அவர் கோச்சைத் திரும்பிப் பார்த்தப்ப.