நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனு: உயில் பகுதி போனால் கணக்குப் பகுதி நிற்குமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் அப்பா விட்டுப்போனது ஒரு வீடு, தென்னந்தோப்பு, ஒரு விசைப்படகு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. அவர் படகை விற்றார். பணம் எங்கே என்று அக்காவும் நானும் கேட்டதில் தகராறு முற்றி, எல்லோரும் ஒப்பந்தம் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் ஒரு நடுவரிடம் (arbitrator) போனோம்.

சித்தப்பா கொடுத்த கணக்கு ஒரே ஒரு தாள். ‘டீசல், ஐஸ், வலை, இதர செலவு’ என்று எழுதி, அடியில் ஒரு கூட்டுத்தொகை. ரசீது ஒன்றுகூட இல்லை. நடுவர் அதை அப்படியே ஏற்றார். அதோடு உயில் மெய்யானது என்றும் எழுதிவிட்டார். அப்பாவின் கையெழுத்தையே நாங்கள் நம்பவில்லை. யாரும் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கவும் இல்லை.

உயிலைப் பற்றி முடிவுசெய்ய அவருக்கு அதிகாரமில்லை என்று தொடக்கத்திலேயே 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் (Arbitration and Conciliation Act) 16-ஆம் பிரிவின்கீழ் எழுதிக் கொடுத்தோம், தள்ளிவிட்டார்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்தது சென்ற மாதக் கடைசியில். அதை ரத்துசெய்யக் கேட்டு மனுப்போட அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவில் மூன்று மாதம்; தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அவ்வளவுதான். உயிலின் மெய்த்தன்மை புரொபேட் நீதிமன்றத்துக்கே உரியது என்று 1993-இல் சிரஞ்சிலால் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நடுவர் தீர்ப்பில் செல்லாத பகுதியை மட்டும் பிரித்து நீக்கலாம் என்கிறது அதே நீதிமன்றத்தின் 2025 காயத்ரி பாலசாமி தீர்ப்பு. எனக்குக் கவலை அதில்தான்.

இப்படிப்பட்ட வழக்கை நடத்தியவர்கள் சொல்லுங்கள்: ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் உயில் பகுதி ரத்தானால், கணக்கை ஏற்ற பகுதியும் சேர்ந்து விழ வேண்டும் என்று எந்த அடிப்படையில் வாதிடலாம்?