கார்னூபியாவில் புது வீடா, வெருலத்தில் பழைய வீடா?

தேவி_வடக்கு

வணக்கம். ஆறு மாதமாக வீடு தேடி அலைந்து இப்போது இரண்டில் வந்து நிற்கிறோம். இரண்டும் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே. ஒன்று, கார்னூபியாவில் கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் வளாகத்தில் இரண்டு படுக்கையறை வீடு. மூன்றாம் மாடி. விலை 12 லட்சத்து 90 ஆயிரம் ரேண்ட். மற்றது, வெருலத்தில் சரிவான தெரு ஒன்றில் மூன்று படுக்கையறைப் பழைய வீடு. 13 லட்சத்து 50 ஆயிரம் கேட்கிறார்கள். பின்புறம் ஒரு மாமரம், அதையொட்டிப் பிற்பாடு சேர்த்துக் கட்டிய ஓர் அறை.

கணவருக்குக் கிங் ஷாகா விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. நான் பீனிக்ஸில் பள்ளி ஆசிரியை. அதனால் தூரம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, மிச்சம் வங்கிக் கடன். மகனுக்கு நான்கு வயது. மாமியாரும் எங்களோடுதான் இருப்பார். கணவருக்குக் கார்னூபியா பிடித்திருக்கிறது, எனக்கு வெருலம். அனுபவப்பட்டவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

மலைவாசல்

சகோதரி, கார்னூபியாவையே வாங்குங்கள். நான்கு ஆண்டாக அங்கே குடியிருக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கம் கரும்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. 2001இல் உம்ஷ்லாங்காவில் கேட்வே பேரங்காடி வந்தது. 2010 மே மாதம் விமான நிலையம் லா மெர்சிக்கு மாறியது. 2017இல் கார்னூபியாவிலேயே பெரிய அங்காடி வளாகம் திறந்தார்கள். டர்பனில் வேலை வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. வேலை போகும் பக்கம்தான் வீட்டு விலையும் ஏறும்.

புது வீட்டில் கூரை ஒழுகினால் முதல் ஓராண்டு கட்டியவர் பொறுப்பு. பெரிய கட்டுமானக் குறை என்றால் ஐந்தாண்டு பொறுப்பு. புது வீடுகளைப் பதிவு செய்யும் என்.எச்.பி.ஆர்.சி. என்ற அமைப்பில் பதிவான வீட்டுக்குச் சட்டமே தரும் பாதுகாப்பு இது. பழைய வீட்டுக்கு யார் பொறுப்பு? புது வீட்டுக்குப் பத்திர மாற்ற வரியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் இரவுப் பணிக்குப் போகும்போது மனைவியும் மகளும் காவல் உள்ள வாசலுக்குள் தூங்குகிறார்கள். அந்த நிம்மதிக்கு எந்த மாமரமும் ஈடாகாது.

மூன்றாம்_யூனிட்

தம்பி மலைவாசல், மாமரத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள்.

என் தகப்பனார் டர்பனின் கேட்டோ மேனரில் கீரையும் வெண்டையும் பயிரிட்டு, விடியுமுன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அந்த இடம் வெள்ளையருக்கு என்று அறிவித்த பிறகு எங்களை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. நடுச்சுவர் ஒன்றாக இரண்டு குடும்பத்துக்கு ஒரு கட்டடம். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அம்மா வாசலோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஊன்றிவிட்டார். பறித்த மண்ணுக்குப் பதிலாக எங்களுக்கு மிஞ்சியது அந்த இரண்டடி மண்தான்.

அடுக்கு வீட்டில், தேவி, உங்கள் சொத்து சுவரின் நடுக்கோடு வரைதான். அதற்கு அப்பால் எல்லாம் பொது. ஆடியில் கூழ் ஊற்ற எங்கே அடுப்பு மூட்டுவீர்கள்? காவடிக்குப் புறப்படும் காலையில் மேளம் தட்டினால் யார் புகார் எழுதுவார்? வளாகத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். என் அண்ணன் மகன் இப்படி ஒரு வளாகத்தில் வாங்கினான். தகப்பனின் கருமாதிக்கு வந்த உறவினர்கள் வண்டியை உள்ளே நிறுத்தியதற்காக அபராதம் கட்டினான். அந்தத் தாளை என்னிடம் காட்டி அழுதான்.

காவலர் நிற்கும் வாசல் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் இரசாயனக் கிடங்கு எரிந்து பல நாள் புகைந்ததையும், நஞ்சு ஓஹ்லாங்கா ஆற்றில் இறங்கிக் கடற்கரைகளை மூடவேண்டி வந்ததையும் மறந்துவிட்டீர்களா? வீட்டுக்குப் பக்கத்தில் என்ன தொழில் நடக்கிறது என்று அந்த விளம்பரப் படங்களில் யாரும் காட்டுவதில்லை.

மலைவாசல்

அக்கா, புகையை நான் மறக்கவில்லை, மூன்று நாள் சன்னலைச் சாத்தி வைத்திருந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். தொழிற்பேட்டை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் நான் பிறகு வாங்கினேன்.

ஆனால் நீங்கள் சொன்ன கதைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். என் பாட்டியும் அப்படி அள்ளிக் கொண்டுவரப்பட்டவர்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்குத் தோன்றியது வேறு. சாட்ஸ்வொர்த்தும், 1976இல் குடியேற்றிய பீனிக்ஸும் நாம் தேர்ந்த ஊர்களா? யாரோ வரைபடத்தில் கோடு கிழித்து நம்மை அடைத்த இடங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி, பாட்டி கரும்பு வெட்டிய மேட்டிலேயே பேரன் தன் பெயரில் வீடு வாங்கியிருக்கிறேன். என் வலப்பக்கத்து வீட்டில் ஒரு சூலு செவிலியர் இருக்கிறார், எதிர்வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம். என் மகள் மூன்று மொழியில் சண்டை போடுகிறாள். இதை விட்டுவிட்டு அடைத்த கூண்டுக்கே திரும்பு என்பது எனக்கு வலிக்கிறது.

சாமியும் எங்களுக்குத் தூரமில்லை. மவுண்ட் எட்ஜ்கோமில் 1899இல் கட்டிய விநாயகர் கோயில் பக்கத்தில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நாங்கள் ஆண்டுதோறும் போகிறோம்.

மூன்றாம்_யூனிட்

கூண்டு என்று சொல்லாதீர்கள் தம்பி. அடைத்தது அவர்கள், ஊராக்கியது நாங்கள். கூலி வாங்கியவர்கள் சில்லறை சேர்த்துப் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள், கோயில் எழுப்பினார்கள், சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். இன்று எங்கள் கோயில் கூட்டத்தில் என் வயதுக்காரர்கள்தான் நாற்காலி அடுக்குகிறோம். பிள்ளைகள் எல்லோரும் வடக்கே. நீங்கள் தீமிதிக்கு வருகிறீர்கள், மகிழ்ச்சி. மறுநாள் மைதானத்தைக் கூட்டுவது யார்?

பத்திரக்கட்டு

சொத்துப் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டாக வேலை பார்க்கிறேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

புது வீட்டுக்குப் பத்திர மாற்ற வரி இல்லை என்பது சரி. ஆனால் 15 விழுக்காடு வாட் வரி அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால் அதை இலவசம் என்று நினைக்கவேண்டாம். 2025 ஏப்ரல் முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரை பழைய வீட்டுக்கும் மாற்ற வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு முதல் படியில் 3 விழுக்காடு. வெருலம் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 1,40,000க்கு 4,200 ரேண்ட். இவ்வளவுதான். இதை வைத்து வீட்டை முடிவு செய்யாதீர்கள். வழக்கறிஞர் கட்டணமும் கடன் பதிவுக் கட்டணமும் தனி.

பெரிய விஷயம் வட்டி. 12 லட்சம் கடனை 20 ஆண்டுக்கு எடுத்தால், வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் 7 விழுக்காடாக இருந்த 2021இல் மாதத் தவணை சுமார் 9,300 ரேண்ட். 2023இல் அது 11.75க்கு ஏறியபோது அதே கடனுக்கு 13,000. இரண்டே ஆண்டில் மாதம் 3,700 கூடியது. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு வீட்டை விற்க வந்தவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இன்றைய தவணையைக் கட்டமுடியுமா என்று பார்த்தால் போதாது, 13,000 வந்தாலும் சமாளிப்போமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

வளாகத்தில் லெவி, அதாவது மாதாமாதம் கட்டும் பொதுப் பராமரிப்புக் கட்டணம், உண்டு. கடன் முடிந்தாலும் லெவி முடியாது. இருப்பு நிதி எவ்வளவு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. புது வளாகத்தில் தொடக்க லெவி குறைவாக இருக்கும், பிறகு ஏறும்.

வெருலம் வீட்டில் என் கண் அந்தப் பின் அறைமேல் போகிறது. சேர்த்துக் கட்டியதற்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா? நம் ஊர்களில் பாதி வீடுகளில் இருப்பதில்லை. இங்கே பழைய வீடுகளை 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று, அதாவது உள்ளது உள்ளபடி, விற்பார்கள். தெரிந்தே குறையை மறைத்தால் ஒழிய விற்பவரைப் பிடிக்க முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் சட்டப்படி, குறைகளை எழுதி விற்பவர் கையொப்பமிட்ட படிவத்தை ஏஜென்ட் உங்களிடம் தரவேண்டும். மின்சாரச் சான்றிதழும், வீட்டு மரங்களை வண்டு அரிக்கவில்லை என்ற சான்றிதழும் கேளுங்கள்.

டோங்காட்_பையன்

எல்லோரும் சுவரையும் வரியையும் பேசுகிறீர்கள். நான் தண்ணீரைப் பேச வந்தேன்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் அம்மா வாளியோடு லாரிக்குக் காத்திருந்த வரிசையில் நானும் நின்றேன். அப்போது புது வளாகத்துக்காரர், பழைய வீட்டுக்காரர் என்று அந்த வரிசை பார்க்கவில்லை. அடுத்த மாதமே உம்ட்லோட்டியில் மேட்டிலிருந்து சிவப்பு மணல் சரிந்து கடலோர அடுக்கு வீடுகளுக்குள் புகுந்தது. கடலோரக் குன்றுகளில் இருக்கும் அந்தச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கல்போல நிற்கும், நனைந்தால் கரைந்து ஓடும். புதுக் கட்டடம் என்பதற்காக அது தயவு காட்டாது.

அக்கா, வெருலம் வீடு சரிவான தெரு என்றீர்கள். சாலைக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே என்றால் தெருவின் மழைநீர் முழுவதும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பின்னால் தாங்குசுவர் இருந்தால் அதில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வெளிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் பார்க்கவே பார்க்காதீர்கள், நல்ல மழை நாளில் ஏஜென்ட் இல்லாமல் போங்கள். கார்னூபியாவிலும் அதேதான். மண்ணை வெட்டி மேடாக்கிய பக்கத்தில் உங்கள் கட்டடம் நிற்கிறதா, தண்ணீர்த் தொட்டி எத்தனை வீட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள்.

மூன்றாம்_யூனிட்

தேவி, ஒன்று கேட்க மறந்தேன். மாமியாருக்கு நடக்க முடியுமா? மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா?

தேவி_வடக்கு

லிஃப்ட் இல்லை அம்மா. அவருக்கு இரண்டு முழங்காலும் வலிதான். இதை நாங்கள் வீட்டில் பேசவே இல்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மலைவாசல்

லிஃப்ட் இல்லாமல் மூன்றாம் மாடி என்று தெரிந்திருந்தால் நான் முதலிலேயே வேண்டாம் என்றிருப்பேன். அதே வளாகத்தில் தரைத்தளம் கேளுங்கள். விலை கூடினாலும் பரவாயில்லை. என் கருத்து மாறவில்லை: சுவரும் கூரையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டிய வீட்டைச் சிறு குழந்தையோடு தலையில் ஏற்றாதீர்கள். பழைய வீட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் அதைக் கழற்றவே தனி அனுமதி, தனி ஆள், தனிச் செலவு.

தேவி_வடக்கு

நேற்று மழையில் போய்வந்தோம். கூரை ஓடுதான், ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. வீடு சாலைக்கு மேலே இருக்கிறது. தாங்குசுவரின் துளைகளில் கலங்கல் இல்லாமல் நீர் வடிந்தது. ஆனால் பின் அறைக்கு வரைபடம் இல்லை என்று விற்பவர் ஒத்துக்கொண்டார். கார்னூபியாவில் தரைத்தளம் ஒன்று 13 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இருக்கிறது. ஒப்படைக்கும் தேதியை மட்டும் எழுத்தில் தர மறுக்கிறார்கள். கணவர் வண்டியில் திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், வெருலம் வீட்டையே வாங்குவதாக எழுதிக் கொடுக்கலாம் என்றார். மலைவாசல் அண்ணா, நீங்கள் சொன்ன காவல் பற்றிய கவலை எனக்கு இன்னும் போகவில்லை. வேலிக்கும் எச்சரிக்கை மணிக்கும் கடனிலேயே கொஞ்சம் ஒதுக்கப் பார்க்கிறோம்.

பத்திரக்கட்டு

அம்மா, ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனையைச் சேருங்கள்: பின் அறைக்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடத்தை விற்பவர் தம் செலவில், குறித்த தேதிக்குள் தரவேண்டும், தராவிட்டால் ஒப்பந்தம் முறியும், முன்பணம் வட்டியோடு திரும்பும். முன்பணத்தை ஏஜென்ட் கையிலோ விற்பவர் கையிலோ கொடுக்காதீர்கள், பத்திரம் எழுதும் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் உங்கள் பெயருக்கு வட்டி சேரும்படி போடச் சொல்லுங்கள். "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். அந்த நிபந்தனை தாளில் ஏறும்வரை கையெழுத்திடாதீர்கள்.