முதன்முதலாக இந்தியச் சமையல் செய்த இலங்கையர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடிக்காரி:
தமிழ்நாட்டுச் சாம்பார் வைத்தேன். துவரம் பருப்பு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், புளி, பெருங்காயம் எல்லாம் சரியாக வந்து, தாளித்துக் கொட்டியதும் நல்ல மண்ணிறத்தில் இருந்தது. மல்லி இலை பிடுங்கப் பின்வளவுக்குப் போய்த் திரும்பி வந்தால் அம்மா சட்டிக்குள் தேங்காயின் முதற்பாலை ஊற்றி அகப்பையால் துழாவிக்கொண்டு நிற்கிறார். "பால் விடாத கறிய என்னெண்டு மகள் மருமகனுக்கு வைக்கிற?" என்று என்னையே கேட்கிறார். என் கணவர் எங்கள் வீட்டோடு இருக்கிற மருமகன், அவருக்குக் குறை வைக்கக்கூடாதாம். நான் பார்க்கப் பார்க்க நிறம் மஞ்சளாக மாறிப்போனது. எல்லாரும் ருசியாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள், அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். ஆனால் நான் நினைத்து வைத்த சாம்பாரை ஒரு கரண்டி கூட நான் ருசி பார்க்கவில்லை. அதுதான் மனதில் கிடக்கிறது. பால் விட்டால் அது சாம்பாரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சம்மாந்துறையான்:
எனக்கு ஹைதராபாத் புரியாணி. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சியைப் பச்சையாகவே எருமைத் தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்து, அதற்கு மேல் அரைவேக்காட்டுப் பாஸ்மதியைப் பரப்பி, மூடியைச் சுற்றிக் கோதுமை மா பூசித் தம் போட்டேன், மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். நாங்கள் கறியைத் தனியே ஆக்கிச் சோற்றோடு சேர்க்கிறவர்கள், பச்சை இறைச்சி சோற்றுக்குக் கீழே வேகும் என்று உம்மா நம்பவேயில்லை. மாவை உடைத்துத் திறந்தேன், இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. வாப்பா கிட்ட வந்து மணம் பார்த்துவிட்டு, நாங்கள் மணத்துக்குப் போடுகிற ரம்பை இலையைப் பற்றி ஒன்றுதான் கேட்டார்: "ரம்பை போடல்லயா மகன்?"

வாப்பா சவூதியில் ஹைதராபாத்காரர்களோடு ஒரே அறையில் இருந்து அவர்கள் ஆக்கியதைத்தான் சாப்பிட்டவர். அசல் எது என்று எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரே ரம்பையைத் தேடினார் என்றால் நான் என்ன சொல்ல? அடுத்த பெருநாளைக்கும் ரம்பை போடாமல்தான் ஆக்குவேன்.

ஆரையம்பதி மாஸ்டர்:
தங்கச்சி கல்லடிக்காரி, அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். கேரளத்தில் துருவிய தேங்காய்ப்பூவை வறுத்து அரைத்துச் சாம்பாரில் சேர்க்கிறார்கள், அதை யாரும் சாம்பார் இல்லை என்று சொல்வதில்லை. பச்சைப்பால் வேறு கதை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என்னுடைய கதை சின்னது. 2022 இல் காஸ் இல்லாத நாட்களில் விறகடுப்பில் துவரம் பருப்பு வைத்தேன், இரண்டு மணித்தியாலம் எரித்தும் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. காரணம் பருப்பு இல்லை, தண்ணீர். எங்கள் கரைப்பக்கக் கிணறுகளில் பல வன்னீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அந்தக் கல்சியம் பருப்பின் உள்ளே இருக்கிற பசையை இறுக்கிவிடும், பிறகு எவ்வளவு அவித்தாலும் குழையாது. மழைத்தண்ணீரிலோ போத்தல் தண்ணீரிலோ முதலில் ஊறவையுங்கள், அவிப்பதும் அதே தண்ணீரில். அப்புறம் புளி. பருப்பு மசிந்த பிறகுதான் புளிக்கரைசல் விடவேண்டும், புளிப்பு முந்தினால் பருப்பு அப்படியே நின்றுவிடும். பழைய பருப்பும் இலகுவில் வேகாது, ஆகவே ஓடுகிற கடையில் வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள். பெருங்காயத்தைக் கொதிக்கிற குழம்பில் தூவாமல் சூடான எண்ணெயில் பொரியவிடுங்கள், பச்சை நாற்றம் போய் மணம் வரும். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தப் பாடு பாதி குறையும்.

திருக்கோவில் பிள்ளை:
மாஸ்டர், எல்லாக் கிணற்றையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு நன்றாகவே குழைந்தது, குக்கரும் இல்லை.

எனக்கு வந்தது பெருங்காயப் பிரச்சினை. எண்ணெயில் போட்ட உடனே, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தார், "பிள்ளைக்கு வயித்துக்குத்தாகா?" என்று. அவருக்குப் பெருங்காயம் என்றால் கைக்குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றிப் பூசுகிற மருந்துதான். கறிக்குத்தான் போட்டேன் என்றதும் அவர் முகம் போன போக்கு! அன்று சாம்பாரைத் தொடவேயில்லை, வெறும் சோற்றுக்குத் தயிர் விட்டுச் சாப்பிட்டார். மருந்தைச் சாப்பிடுவதாக நினைத்திருப்பாரோ என்று இன்னும் கவலையாக இருக்கிறது. இப்போது அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் தாளிக்கிறேன்.

இன்னொன்று, துவரம் பருப்பு விலைக்குத் தாங்காதவர்கள் மைசூர்ப் பருப்பிலேயே வைக்கலாம். ஊறவைக்கவும் தேவையில்லை, கெதியாகக் கரையும். கொஞ்சம் இனிப்புத் தட்டும், புளியைக் கூட்டினால் சரி.

ஆரையம்பதி மாஸ்டர்:
மைசூர்ப் பருப்பில் வைத்தால் அது புளி விட்ட பருப்புக்கறி. சாம்பார் இல்லை.

கல்லடிக்காரி:
மாஸ்டர், தண்ணீர் விஷயம் நல்ல தகவல், ஆனால் என் பருப்பு வெந்துவிட்டது, நான் கேட்டது பாலைப் பற்றி. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, திரும்பவும் வைக்கப் போகிறேன். தாளித்த கையோடு ஒரு கிண்ணத்தில் எனக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை அம்மாவிடம் கொடுக்கிறேன், அவர் பாலை விடட்டும். தம்பி சம்மாந்துறையான், நீங்களும் சின்னச் சட்டியொன்றில் வாப்பாவுக்கு ரம்பை போட்டு ஆக்கிக் கொடுங்கள்.