முதியோர் இல்லமும் தொற்றுக்காலமும்: வாசலைப் பூட்டினால் போதுமா?

தாழங்குடா:
மட்டக்களப்புப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில பராமரிப்பு வேலை செய்றன். கொரோனா மாதிரி இன்னொண்டு வந்தா, பாக்க வாற சொந்தப் பிள்ளைகளை உள்ளுக்கு விடுறதே இல்ல எண்டு நிர்வாகம் விதி எழுதப் போகுது. எனக்கு அது சரியாப் படல்ல. கிருமி சொந்தக்காரரோட மட்டுமா வரும்? பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாற எங்களோடயும்தான் வரும்.

கல்முனையான்:
தங்கச்சி, 2020 மார்ச்சில உலக சுகாதார நிறுவனம் இப்படியான இல்லங்களுக்கு எழுதின வழிகாட்டலே வருகையாளரைக் கட்டுப்படுத்தச் சொல்லுது. வாறவர் ஆரோட பழகினார் எண்டு உங்களால விசாரிக்க ஏலுமா? வேலையாட்களைக் கண்காணிக்கலாம், ஊரைக் கண்காணிக்க ஏலாது. 2020 கடைசியில கொரோனா பரவி அக்கரைப்பற்று ஊரையே முடக்கினதை மறந்துட்டமா?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அதே வழிகாட்டலில, சாகிற நிலையில இருக்கிறவரைக் கிட்டின உறவு பாக்கலாம் எண்டு விதிவிலக்கும் இருக்கு. அதை விட்டுட்டு வாசிக்கப்படாது.

வேலையாட்களைப் பற்றிச் சொன்னீங்க. 2020 பெப்ரவரியில அமெரிக்காவில சியாட்டிலுக்குக் கிட்ட ஒரு இல்லத்தில தொற்று வெடிச்சுது. விசாரிச்சுப் பாத்தா, சுகமில்லாமலே வேலைக்கு வந்தவங்க இருந்திருக்காங்க, ரெண்டு மூணு இல்லத்தில மாறி மாறி வேலை செய்தவங்களும் இருந்திருக்காங்க. இங்கயும் பகலில ஒரு இடம், இரவில ஒரு வீட்டு ஆச்சியைப் பாக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்!

வாசலில நெத்திக்குப் பிடிக்கிற வெப்பமானியையும் நம்பி இருக்கப்படாது. வயசானவங்களுக்குக் காய்ச்சல் காட்டாமலே தொற்று இருக்கும். திடீரெண்டு தடுமாறிப் பேசுறது, சோறு வேணாம் எண்டுறது, காரணமில்லாம விழுறது, இதுகளைத்தான் முதல்ல கவனிக்கோணும். அதைக் கண்டுபிடிக்கிறது நாளாந்தம் குளிப்பாட்டுற பிள்ளைதான்.

கையுறையும் அப்படித்தான். ஒரே சோடியோட ஒருத்தருக்குக் கழுவி விட்டுட்டு, மறுகா அடுத்தவருக்குச் சோறு தீத்தினா அது காவல் இல்ல, கிருமி காவுற வாகனம். ஒவ்வொரு ஆளுக்கும் புதுசு போடோணும், கழட்டின உடனே கை கழுவோணும். சவர்க்காரம் எண்டா 40 தொடக்கம் 60 செக்கன்.

கல்முனையான்:
அக்கா, எல்லாம் ஒப்புக்கொள்றன். ஆனா பத்துப் பேரைப் பாக்கிற ஒரு பிள்ளை ஒவ்வொரு தரமும் ஒரு நிமிசம் கை கழுவுமா? அது நடக்காது எண்டபடியாத்தான் வாசலைப் பூட்டச் சொல்றன். நடக்கக்கூடியது அது ஒண்டுதான்.

ஏறாவூர் வாசி:
ஐயா, கட்டிலுக்குக் கட்டில் கைதடவுற ஸ்பிரிட் போத்தல் வைச்சா 20, 30 செக்கனில முடிஞ்சுது. கையில அழுக்குப் படாட்டி அது போதும். ஜன்னலையும் திறந்து விடுங்க, காத்தாலயும் பரவுற நோய் அது.

தாழங்குடா:
ஒருத்தரும் காசைப் பற்றிக் கதைக்கல்லயே. எங்களில கனபேருக்கு நாட்கூலி. இருமல் எண்டு வீட்ட நிண்டா அண்டைக்குச் சம்பளம் இல்ல. பனடோல் குளிசையைப் போட்டுட்டு வாறாங்க, ஏன் வாறாங்க எண்டு கேக்கிறதுக்கு ஆள் இல்ல. சுகமில்லாத நாளுக்குச் சம்பளம் குடுக்காத இல்லத்தில எந்தச் சுவரொட்டியும் வேலை செய்யாது.

கல்முனையான்:
சம்பளத்தோட லீவு எண்டதை முதலாவது விதியா எழுதுங்க, நானும் சேர்ந்து கேக்கிறன். ஆனா பரவல் கூடின கிழமைகளில வாசல் பூட்டு இருக்கத்தான் வேணும். அதில இருந்து நான் இறங்கி வர மாட்டன்.

தாழங்குடா:
பூட்டுங்க அண்ணன். முகக்கவசத்தோட முற்றத்தில தள்ளி இருந்து கதைக்க ரெண்டு கதிரைக்கும், கடைசி நேரத்தில பெத்த பிள்ளை ஒண்டு பக்கத்தில நிக்கிறதுக்கும் விதி எழுதிப்போட்டுப் பூட்டுங்க.