மார்லினுக்கு டேக் குத்தி விடும்போது படகோரத்தில் நடப்பவை

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் கடலுக்கு, லிசர்ட் தீவை ஒட்டிய பவளத்திட்டுகளின் வெளி விளிம்புக்கு, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கருப்பு மார்லின் முட்டையிட வரும். (நம் கரையில் மயில்மீன் என்கிறோமே, அதற்கு உறவு.) 400 கிலோவைத் தாண்டுவதெல்லாம் பெண்தான். அங்கே பெரிய மீனைக் கொன்றால் சினை மீனைக் கொன்றதாகவே அர்த்தம். நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத் துறை 1973 முதல் தூண்டில்காரர்களைக் கொண்டே டேக் (எண் போட்ட சின்ன அடையாளக் குறி) குத்தி மீனை விடவைக்கிறது. ஆனால் குத்திவிட்டால் மட்டும் மீன் பிழைத்துவிடாது.

முதலில் நேரம். பெரிய மார்லினுக்கு 60 கிலோ தாங்கும் தூண்டில் நரம்புதான் சரி. மெல்லிய நரம்பில் மூன்று மணி நேரம் இழுத்தால் தசையில் அமிலம் ஏறிவிடும். நீந்திப் போன மீன்கூடப் பிறகு செத்துப்போகலாம். படகைப் பின்னுக்குச் செலுத்தி இடைவெளியைக் குறைத்து, சீக்கிரம் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

டேக் கம்பு ஆறிலிருந்து எட்டடி. முனையில் எஃகு ஊசி, அதில் டேக்கின் தலை, வால் பகுதி ஆடாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட். பலர் சறுக்குவது இந்த ரப்பர் பேண்டில்தான். இறுக்கமாகப் போட்டால் கம்பை உருவும்போது டேக்கும் கூடவே வந்துவிடும். ஊசி மழுங்கியிருந்தால் தோலில் வழுக்கும். கிளம்புமுன் அரத்தால் தீட்டி வையுங்கள். தலை நைலானாக இருப்பது நல்லது, எஃகுத் தலையைவிட நன்றாகத் தங்குகிறது.

குத்துமிடம் முதுகுச் செட்டைக்குக் கீழே, பக்கக் கோட்டுக்கு மேலே உள்ள கனமான தசை. ஊசி தலைப் பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் டேக் வால் பக்கமாகப் படிந்து நிற்கும். எதிர்ச்சாய்வில் போனால் ஓடும் தண்ணீரே அதைப் பிடுங்கிவிடும். டேக் தலையின் கொக்கி, செட்டையைத் தாங்கும் எலும்புகளுக்கிடையே மாட்டிக்கொள்வதுதான் உறுதி. தாழ்ந்தால் வயிறு, முன்னால் போனால் செவுள். இரண்டுமே மீனைக் கொன்றுவிடும். துள்ளுகிற மீன்மேல் ஈட்டி மாதிரி எறியவே கூடாது. லீடரை (தூண்டில் முள்ளோடு இணையும் தடித்த கடைசி இழை) பிடித்தவர் மீனை நிமிர்த்தி, படகோடு ஒட்டி நீந்தவைக்கும்வரை காத்திருந்து, ஒரே அழுத்தில் குத்த வேண்டும்.

தூண்டில் முள் வாய் ஓரத்தில் இருந்தால் கழற்றிவிடலாம். வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) பெரும்பாலும் அங்கேதான் மாட்டும், அதனால் இரை வைத்துப் பிடிக்கும்போது அதையே போடுங்கள். விழுங்கியிருந்தால் தோண்டாமல், லீடரை முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டிவிடுங்கள். படத்துக்காகப் படகில் தூக்குவது பெரும் பாவம்: தண்ணீர் தாங்கிய உடம்பு வெளியே தன் எடையாலேயே நசுங்கும். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம், விடப்போகும் மார்லினைத் தண்ணீரை விட்டு எடுப்பதே சட்ட விரோதம்.

சோர்ந்த மீனின் அலகைக் கையுறை போட்ட இரு கைகளாலும் பிடிக்க வேண்டும், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. திடீரென்று எகிறினால் அப்படித்தான் தள்ளிவிட முடியும். படகை மெதுவாக முன்னே செலுத்தினால் வாய்வழி நுழையும் நீர் செவுளைக் கடக்கும். பின்னோக்கி இழுக்கவே கூடாது. மங்கிய பழுப்பு போய் நீலம் மினுங்கத் தொடங்கி, வால் தானாக உதைத்தால் கையை விடலாம். சுறா சுற்றினால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், உடனே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, டேக்கோடு வரும் விவர அட்டை. டேக்கைக் கம்பில் ஏற்றுமுன்பே எண்ணைச் சரிபாருங்கள். மீன் போன பிறகு எந்த எண் என்று தேடினால் அந்த டேக் வீண். அமெரிக்காவின் டெலவேர் கடலோரம் குத்திய ஒரு நீல மார்லின் ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து மொரீஷியஸ் அருகே அகப்பட்டது. நேர்கோட்டில் அளந்தாலே 15,000 கிலோமீட்டருக்குப் பக்கம். அட்டையை ஒழுங்காக நிரப்பி அனுப்பியதால்தான் அது தெரிந்தது. அதில் எழுத வேண்டியவை: தேதி, இடம், மீன் வகை, மீனின் நிலை, கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவடுவரை நீளம். படகின் பக்கவாட்டில் மீட்டர் கணக்கில் கோடு போட்டு வைத்தால் நீளத்தை ஓரளவு சரியாகச் சொல்லலாம். எடையைப் பெருமைக்காகக் கூட்டி எழுதாதீர்கள். அதே மீன் மறுபடி அகப்படும்போது வளர்ச்சிக் கணக்கே தப்பாகிவிடும்.