நெறி கட்டினால் மஞ்சள்-சுண்ணாம்புப் பற்று: ஆதாரம் இருக்கா?

தும்பை (கேள்வி):
தொண்டை வலியோட தாடைக்குக் கீழே நெறி கட்டினா மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைச்சுப் பற்று போடச் சொல்றாங்க. அதிமதுரம் நல்லதுன்னு சிலர். எதுக்கு ஆதாரம் இருக்கு? எத்தனை நாள் பொறுக்கலாம்?

நொச்சி:
நெறி என்பது நிணநீர்க் கணு, கிருமிகளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி. கழுத்தில் கட்டினால் தொண்டை, பல், தலைப்புண். அக்குளில் என்றால் கை. தொடை இடுக்கில் என்றால் கால் புண் என மூலத்தைத் தேடுங்கள். தொண்டை ஆறினால் நெறியும் பெரும்பாலும் 2-4 வாரத்தில் தானே வற்றும். பற்று போட்டவருக்கும் வற்றும், போடாதவருக்கும் வற்றும். பற்றுக்கு நல்ல பெயர் வந்தது அப்படித்தான்.

குழைத்ததும் சிவக்கிறதே, அது மருந்து ஏறிய அடையாளம் இல்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையில் மஞ்சளின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தக் காரம் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளுக்குப் போடவே கூடாது. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினாலும் கொப்புளம்தான். மஞ்சளைக் குடித்தால்? அதில் குர்குமின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறக்குறைய 3 சதவீதம். 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம். அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம்.

வெட்டிவேர்:
அதிமதுரத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு, ஆனால் தொண்டைக்குத்தான். ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் 0.5 கிராம் தூளை 30 மில்லி நீரில் கலந்து கொப்பளித்தவர்களுக்கு, சுவாசக் குழாய் செருகுவதால் பிறகு வரும் தொண்டை வலி குறைந்தது. நெறி வற்றியதாக அதில் எதுவும் இல்லை. கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். நாள்கணக்கில் விழுங்கினால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும்.

வீட்டில் செய்ய: 240 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது, வலித்தால் 10 நிமிடம் வெந்நீர்த் துணி ஒற்றடம். வற்றியதா என்று தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள். அதுவே வலியை நீட்டிக்கும்.

நொச்சி:
நாள் கணக்கைச் சொல்ல விட்டுப்போச்சு. 4 வாரம் தாண்டினாலோ, கல் மாதிரி கெட்டியாக நகராமல் இருந்தாலோ, காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு சேர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். காறை எலும்புக்கு மேலே தட்டுப்பட்டால் நாள் எண்ணிக் காத்திராமல் உடனே போங்கள். வலியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வந்தால் காசநோயாக இருக்கலாம். கண்டமாலை என்று பழைய பெயர். வழக்கமாக 6 மாத மாத்திரை. பெயர் தெரியாத சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கட்டி சட்டென்று சுருங்கும். புற்றுநோய்க் கட்டியும் அப்படிச் சுருங்கலாம், பயாப்சியில் (கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) பிடிபடாமலும் போகலாம்.

தும்பை:
நன்றி. பொன்னுக்கு வீங்கியும் இதே கணக்கா?

வெட்டிவேர்:
இல்லை, அது உமிழ்நீர்ச் சுரப்பி. காதுக்கு முன்னும் கீழும் வீங்கித் தாடை முனை தெரியாமல் மறையும். காது மடல் மேலே தூக்கி நிற்கும். வைரஸ் என்பதால் பற்று வேண்டாம். வீக்கம் தொடங்கி 5 நாள் பிள்ளையைத் தனியாக வையுங்கள்.