சட்டியில் தெரியும் தங்கம் லேப் ரிப்போர்ட்டில் இல்லை

மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டிக்கு வடக்கே நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பிராஸ்பெக்டிங் லைசென்ஸ் (தங்கம் போன்ற கனிமங்களைத் தேடும் உரிமம்) எடுத்தோம். அதன் 4 வருஷக் காலத்தில் 2 போய்விட்டது.

பாறைக்குள் ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் (படிகக்கல்) நரம்பு. அகலம் 30 முதல் 60 சென்டிமீட்டர், தரைமேல் 40 மீட்டர் நீளத்துக்குத் தெரிகிறது, ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. நடுவில் பழைய ஆட்கள் தோண்டிய குழி ஒன்று. சும்மா தோண்டியிருக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் இந்த இடத்தையே பிடித்தோம்.

கல்லை இடித்து அலசினால் சட்டியில் பொன் தெரிகிறது. சுத்தியலால் தட்டினால் நொறுங்காமல் தட்டையாகிறது, அதனால் பைரைட் (பொன்போல் மின்னும் வேறு கனிமம்) இல்லை. ஆனால் லேபுக்குக் கொடுத்த 12 மாதிரியில் 11, டன்னுக்கு 0.3 கிராம் தங்கத்துக்கும் கீழே. மீதி ஒன்று 41 கிராம்! அதன் மிச்சத்தையே திரும்பக் கொடுத்தால் 2.6.

இதுவரை செய்தது: நரம்புக்குக் குறுக்கே வெட்டி மாதிரி எடுத்தோம், லேபை மாற்றினோம். எல்லாமே 50 கிராம் ஃபயர் அசேதான் (கல்பொடியை உலையில் உருக்கித் தங்கத்தை அளக்கும் சோதனை). அந்த 50 கிராமில் ஒரு துகள் விழுந்தால் கோடீஸ்வரன், விழாவிட்டால் ஓட்டாண்டி. ஜிபிஎக்ஸ் 5000 மெட்டல் டிடெக்டர் சரிவில் சின்னக் கட்டிகளைக் காட்டியது; நரம்பின்மேல் சத்தமே இல்லை.

கையிலுள்ள காசுக்கு ஒன்றுதான் முடியும். கிலோ கிலோவாக ஸ்க்ரீன் ஃபயர் அசே (பொடியைச் சலித்து, பெரிய துகளையும் நுண்பொடியையும் தனித்தனியாக அளப்பது) செய்வதா, லைசென்ஸ் அனுமதிக்கும் 500 டன்னுக்குள் ஒரு 20 டன் எடுத்து மொத்தமாக அரைத்துப் பார்ப்பதா? இப்படிப்பட்ட நரம்பில் வேலை செய்தவர்கள் எதை முதலில் செய்வீர்கள்?